ஒரு ராத்திரி வாடகை!

(இறுதியாண்டு, சிவில் பிரிவு)

லீவு விட்டால் எங்கே போவீர்கள்? நம்மில் பாதிப் பேருக்கு சொந்த ஊர், மீதிப் பேருக்கு ஏதாவது வேலை. கையில் கொஞ்சம் காசு இருந்தால் கொடைக்கானலுக்கு ஒருநாள் டூர். விடியற்காலையில் ஏறி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, மிளகாய் பஜ்ஜி தின்று, போட்டோ எடுத்து, ராத்திரிக்குள் ஆரப்பாளையம் வந்து சேர்ந்துவிடுவோம். "தங்குவது" என்பது நம் கணக்கிலேயே கிடையாது.

ஆனால் தங்குவதற்காகவே ஊருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து, அங்கே ஒன்றுமே செய்யாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு வருவது! கேட்டால் சிரிப்பு வரும். கொடைக்கானலே அப்படிப் பிறந்த ஊர்தான். மதுரை வெயிலும் நோயும் தாங்காமல் அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-ல் மலையேறிப் போய்க் கட்டிய இரண்டு பங்களாக்களில்தான் அது தொடங்கியது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய கலெக்டர் பங்களா இன்று தங்கும் விடுதி. அவ்வளவு தூரம் எதற்கு? நம் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டரில் காரைக்குடி. அதைச் சுற்றிய செட்டிநாட்டு ஊர்களில் இன்றைக்கு அரண்மனை மாதிரி வீடுகள் பல, விருந்தினர் தங்கும் விடுதிகளாகிவிட்டன. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ். இந்தக் கடைசி வீட்டைச் சீர்செய்தவர்கள் பிரான்சிலிருந்து வந்த இரண்டு கட்டிடக்கலைஞர்கள்.

போன கோடையில் அப்படி விடுதியாக மாறிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் நான் முப்பத்தி நான்கு நாள் இருந்தேன். விருந்தாளியாக அல்ல! என் அப்பா கொத்தனார். நான் அவருக்குக் கையாள்.

செட்டிநாட்டு வீட்டை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பண்ணையார் வீடு வேண்டுமென்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போவார்கள். சினிமாவில் தெரியாதது அதன் நீளம். வாசலில் திண்ணை, பிறகு முகப்பு, அதைத் தாண்டினால் வளவு. வளவு என்றால் நடுவில் வானம் தெரிகிற முற்றம், நாலு பக்கமும் தூண், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள். அப்புறம் இரண்டாங்கட்டு, அதற்கும் பின்னால் அடுப்படி, கிணறு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில்! நகரத்தார்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று போய்ச் சம்பாதித்து, பெரும்பாலும் 1850-க்கும் 1940-க்கும் இடையில் கட்டியவை. பர்மா தேக்கு, இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் பூக்கல் எல்லாம் கப்பலில் வந்தன.

விடுதிக்காரர்கள் அச்சடிக்கும் வண்ண அட்டைகளில் இந்த நாடுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். எனக்கு ஒரு குறை. சுவரைப் பற்றி யாருமே எழுதுவதில்லை! சுவர் எந்தக் கப்பலிலும் வரவில்லை. செங்கல், சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டி, மனுஷன் கை. அவ்வளவுதான்.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. அங்கே தொழில் செய்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவந்தார்கள். மிச்சமிருந்ததும் 1960-களில் பர்மா அரசு எல்லாவற்றையும் நாட்டுடைமை ஆக்கியபோது போனது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி, இருபது பங்காளி. கல்யாணத்துக்கும் படைப்புக்கும் மட்டும் திறப்பார்கள். மற்ற நாளில் பூட்டு. பூட்டிய வீட்டுக்கு மழை எமன். ஓடு நகர்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கும், உத்தரம் இற்றுப்போகும், அப்புறம் இடிக்கும் விலைக்குப் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் போய்ப் பாருங்கள். நிலைக்கதவு, தூண், எனாமல் பாத்திரம், பழைய போட்டோ என்று ஒரு வீடே துண்டு துண்டாக விற்பனைக்கு நிற்கும். அந்தக் காலத்தில் செட்டிநாடு 96 ஊர் என்பார்கள். இப்போது 70-க்குச் சற்று மேல்தான். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இந்த ஊர்கள் சேர்ந்திருக்கின்றன. பட்டியலில் சேர்ந்துவிட்டால் ஓடு மாற்றக் காசு வந்துவிடுமா, என்ன?

காசு எங்கிருந்து வரும்? ஒரே வழி வாடகை. இங்கிலாந்தில் 1965-ல் 'லேண்ட்மார்க் டிரஸ்ட்' என்று ஒன்று தொடங்கினார்கள். இடியப்போகும் பழைய கட்டிடங்களை எடுத்துச் சீர்செய்து, விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் கட்டிடத்தைக் காப்பாற்றுவது அவர்கள் முறை. கோட்டை, கோபுரம், பன்றித் தொழுவம் வரைக்கும் இப்படித் தங்கக் கிடைக்கிறதாம்! நம்ம ஊரில் அது தனித்தனிக் குடும்பமும் கம்பெனியும் செய்கிற வியாபாரம். நான் வேலை பார்த்த வீட்டில் ஒரு அறைக்கு ஒரு ராத்திரி வாடகை, என் அப்பாவின் எட்டு நாள் கூலி. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சாரத்தின் மேல் நின்று முப்பத்தி நான்கு நாள் யோசித்தபோதுதான், அந்த எட்டு நாள் கூலியிலிருந்துதான் அப்பாவின் ஒரு நாள் கூலியும் வருகிறது என்பது மண்டையில் ஏறியது. விருந்தாளி வராவிட்டால் பூட்டு. பூட்டினால் முனீஸ்வரன் கோயில் தெரு.

வேலை என்னவென்றால், எங்களுக்கு முன்னால் யாரோ ஒரு காண்ட்ராக்டர் வளவுச் சுவரில் பெயர்ந்த இடங்களுக்கெல்லாம் சிமெண்ட் பூசிவிட்டுப் போயிருந்தார். மூன்றே மழைக்காலம். சிமெண்ட் பூச்சு பலகை பலகையாகப் பிரிந்து நின்றது. தட்டினால் டப்டப்பென்று பொள்ளல் சத்தம். ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. நூறு வருஷத்துப் பழைய பூச்சு பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி! முகம் பார்க்கலாம்.

காரணம் நமக்குத் தெரிய வேண்டியதுதான். சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் கரியமிலவாயு போய்ச் சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீற்றுப்போகும். சுவரில் பூசியபின் காற்றிலிருந்து அதே கரியமிலவாயுவை மெல்ல மெல்ல வாங்கித் திரும்பவும் கல்லாகும். பூச்சு மூச்சு விடும். சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே வந்துவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் போக இடமில்லாமல் உள்ளிருந்து தள்ளுகிறது. இதை அப்பா ஒரே வரியில் சொன்னார்: "சுவத்துக்கு வேர்க்கும்ல, அதுக்கு ரெயின்கோட்டு மாட்டி விட்டா?" அப்பா நாலாம் கிளாஸ். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான்.

சிமெண்ட் அரை மணி நேரம் இறுகாமல் இருந்தால் போதும், பத்து மணி நேரத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிறோம். சுண்ணாம்பு அப்படி இல்லை. அதற்கு அவசரமே கிடையாது. நீற்றிச் சலித்து, தொட்டியில் தண்ணீருக்கடியில் ஊறப்போட்டு, நாள் கணக்கில் காத்திருந்து, அப்புறம் மணலோடு அரைத்து, கடுக்காய் ஊறலும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டு... அந்த வாடை இருக்கிறதே, முதல் மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதம் பார்க்க மெஷின் கிடையாது. கரணையில் எடுத்தால் வெண்ணெய் மாதிரி வழுக்கணும், ஆனால் ஒழுகக் கூடாது. அப்பாவின் கணக்கு நாலு பூச்சு. ஒவ்வொன்றும் முன்னதைவிட மெல்லிசு. கடைசிப் பூச்சுக்குத்தான் சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும். அது ஈரமாக இருக்கும்போதே கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பளபளப்பு வருகிற வரைக்கும் தோள்பட்டை உன்னுடையது இல்லை!

(மஞ்சள் கரு என்ன ஆகும் என்று எல்லா விருந்தாளிகளும் கேட்கிறார்கள். சித்தாள் அக்காக்கள் தினமும் முட்டைப் பொரியல் கொண்டுவந்தார்கள் என்பது என் பதில்.)

இதெல்லாம் புதுசு இல்லை. நம்ம திருமலை நாயக்கர் மகால் 1636-ல் கட்டியது. அந்தப் பிரம்மாண்டத் தூண்களுக்கு மேல் இருப்பதும் இந்தச் சுண்ணாம்புப் பூச்சுதான். நாம் ஒளியும் ஒலியும் பார்க்கப் போய்த் தூணில் பெயர் கிறுக்கிவிட்டு வருகிறோம்.

முன்கட்டு வேலை முடிந்து, அங்கே நாலு அறைகளில் விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் பின்கட்டில். சென்னையிலிருந்து ஒரு தம்பதி, அவர்களுடைய பள்ளிக்கூடப் பையன். காலை முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா சுவரைத் தடவிப் பார்த்து, "இது மார்பிளா?" என்று கேட்டார். அப்பா, "இல்லங்கம்மா, சுண்ணாம்பு" என்றார். அவர் கணவர் போட்டோ எடுக்கப் போனை நீட்டினார். அப்பா உடனே ஒதுங்கி நின்றுகொண்டார், சுவர் மட்டும் விழட்டும் என்று! "நீங்களும் நில்லுங்க" என்று அவர் சொன்ன பிறகும் அப்பாவுக்குக் கூச்சம். கரணையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் போட்டோவை வாங்கிக்கொள்ள எனக்குத் தோன்றவே இல்லை, அந்தக் கரணை தெரியாத போட்டோ எனக்கெதற்கு?

கட்டிய வீட்டுக்குள் அப்பா எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் வந்துபோனார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் வழக்கம் என்று அவரே வைத்துக்கொண்டது.

எங்கள் ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். எங்களுக்கும் ஒரு திண்ணை வீடு இருந்தது. மண் சுவர், நாட்டு ஓடு. 2019-ல் அதைப் பிரித்துவிட்டுக் காங்கிரீட் போட்டோம். ராத்திரி விடுதியின் பின்கட்டில் படுத்திருக்கும்போது நான் அப்பாவிடம், "நம்ம பழைய வீட்டை இந்த மாதிரி வச்சிருந்தா ஆளுங்க காசு குடுத்துத் தங்குவாங்கப்பா" என்றேன். அப்பா சிரித்தார். அம்மாவிடம் போனில் சொன்னபோது அம்மா சிரிக்கவில்லை. "ஐப்பசி மழையில சட்டி சட்டியா வச்சு ஒழுகல் புடிச்சது நானு. தேள் அடிச்சது உங்க அப்பத்தாளை. இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன். எவன் காசு குடுத்துத் தங்குவான், தங்கச் சொல்லு பாப்போம்!" என்றது. அம்மா சொல்வதுதான் நியாயம். பழைய வீட்டின் அழகு, ஓடு மாற்ற ஆளும் காசும் உள்ளவனுக்குத்தான். ஆனாலும் சித்திரை வெயிலில் அப்பத்தா காங்கிரீட் வீட்டுக்குள் பகலில் இருப்பதே இல்லை. வேப்ப மரத்தடிதான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் இதை எழுத வந்த விஷயம் வேறு. முப்பத்தி நான்கு நாளில் அப்பா என்னைக் கடைசிப் பூச்சில் கை வைக்கவே விடவில்லை. மணல் சலிக்கலாம், சட்டி தூக்கலாம், ரசமட்டம் பிடிக்கலாம். கரணை கேட்டால் மட்டும், "அதுக்காடா ஒன்னைய படிக்க வச்சேன்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அவருடன் கடைசிப் பூச்சு தெரிந்தவர்கள் இன்னும் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். மூவரின் பிள்ளைகளும் வேறு வேலை. வேலையோ அடுத்த தெருவிலும் இருக்கிறது, அதற்கடுத்த ஊரிலும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் ஆள் கேட்டு அப்பாவுக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். நம் பாடத்தில் சுண்ணாம்பு இருக்கிறதா? இருக்கிறது. என் நோட்டில் ஒன்றரைப் பக்கம். ஐ.எஸ். 712, அதன் வகைகள், முடிந்தது. மார்க்குக்குப் போதும், சுவருக்குப் போதாது.

எட்டு நாள் கூலி கொடுத்து ஒருவர் வந்து தங்குவது அந்தச் சுவருக்காகத்தான் என்றால், அதைப் பூசத் தெரிந்தவன் டிப்ளமோ படித்தவனாக இருப்பதில் என்ன கேவலம்? இதை நான் அப்பாவிடம் இப்படியே கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. "படிப்புக்கு வேணும், பிராஜெக்ட்" என்றேன். பிராஜெக்ட் என்ற வார்த்தைக்கு எங்கள் வீட்டில் மரியாதை உண்டு. அன்றிலிருந்து ராத்திரி சாப்பிட்டபின் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். கடுக்காய் எத்தனை, கருப்பட்டி எவ்வளவு, மழை நாளில் எதைக் குறைப்பது, கை பட்டால் எப்படி இருக்க வேண்டும். ரெக்கார்டு நோட்டில் பதினெட்டுப் பக்கம் ஆகியிருக்கிறது. சில அளவு "ஒரு கை", சில அளவு "பார்த்துப் போடு". அதையெல்லாம் கிலோவாக மாற்றச் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும்.

லேப் சாரிடம் அனுமதி வாங்கி இப்போது ஆறு கட்டி போட்டிருக்கிறேன், மூன்று கடுக்காய்த் தண்ணீர் விட்டது, மூன்று வெறும் தண்ணீர். சிமெண்ட் கட்டியைப் போலத் தொட்டித் தண்ணீரில் மூழ்க வைக்க முடியாது. இதற்குக் காற்று வேண்டும். 28 நாள் கணக்கும் கிடையாது, மாதக்கணக்கு. இந்த மலர் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போதும் அவை காய்ந்துகொண்டுதான் இருக்கும். பார்க்க விரும்பும் நண்பர்கள் காங்கிரீட் லேப் பின்ஜன்னல் திண்டுக்கு வரலாம். நீல வாளியை மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள். வாடை தாங்காது!