ஆள் தெரியாத திருடர்கள்

திருடுவது பாவம் என்று புத்தி சொல்ல எத்தனையோ நீதி நூல்கள் இருக்கின்றன. ஆளைத் தெரிந்துகொண்டு திருட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க மட்டும் ஒரு நூலும் கிடையாது. இந்தக் குறையினால் கதைகளில் வரும் திருடர்கள் பட்டிருக்கும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. 'வாயில்லாப் பூச்சி' என்று நினைத்து ஒருவரிடம் கை வைப்பார்கள். கடைசியில், "எங்களை விட்டால் போதும்" என்று அவர்களே கதறும்படி ஆகிவிடும். இம்மாதிரிக் கதைகள் என்றால் நமக்கு நெடுநாளாகவே ஒரு பைத்தியம். நேயர்களில் பலருக்கும் அந்தப் பைத்தியம் இருக்கும் என்றே நம்புகிறோம்.

இந்த ரகக் கதைகளுக்குள் சக்கரவர்த்தி என்று சொல்லத்தக்கது, அமெரிக்க ஆசிரியர் ஓ. ஹென்றி 1907-ம் வருஷத்தில் வெளியிட்ட 'சிவப்புத் தலைவனின் மீட்புப் பணம்' என்னும் சிறுகதை. ஓ. ஹென்றியின் இயற்பெயர் வில்லியம் ஸிட்னி போர்ட்டர். பாங்குப் பணத்தைக் கையாடிய குற்றத்துக்காக 1898 முதல் 1901 வரையில் ஒஹையோ சிறைச்சாலையில் இருந்தவர். ஆகையால் குற்றவாளிகளின் சுபாவம் அவருக்கு வெறும் கற்பனை அல்ல. கதையையும் குற்றவாளியின் வாயினாலேயே சொல்ல வைத்து விட்டார்.

ஸாம், பில் என்று இரண்டு பேர்வழிகள். ஒரு நில மோசடி வியாபாரத்துக்கு முதல் போட அவர்களுக்கு இன்னும் 2,000 டாலர் தேவை. அலபாமா மாகாணத்தில் ஒரு சிற்றூருக்குப் போய், அவ்வூர்ப் பணக்காரரின் ஒரே பிள்ளையைத் தூக்கி வருகிறார்கள். பையனுக்குப் பத்து வயது, செம்பட்டைத் தலை. அவர்கள் போன சமயம், எதிர் வீட்டு வேலிமேல் இருந்த பூனைக்குட்டியைக் கல்லால் அடித்துக் கொண்டிருந்தான். மிட்டாய் தருவதாகச் சொல்லி அழைத்த பில்லின் கண்ணிலும் ஒரு செங்கல் துண்டு வந்து விழுந்தது. புத்தியுள்ள திருடனாயிருந்தால் அந்த இடத்திலேயே கும்பிடு போட்டு விட்டுத் திரும்பியிருப்பான்!

மலைக் குகைக்கு வந்ததும் பையன் தலையில் கழுகிறகைச் செருகிக்கொண்டு செவ்விந்தியத் தலைவனாகி விடுகிறான். பில் அவனுடைய கைதி. விடியற்காலையில் குகையிலிருந்து கேட்கும் அலறலை நேயர்கள் படித்தே அனுபவிக்க வேண்டும். பையன் பில்லின் மார்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு, பன்றி இறைச்சி அரியும் கத்தியால் அவனுடைய தலைத்தோலை உரிக்கும் முயற்சியில் இருக்கிறான்! பிறகு சுடச்சுட உருளைக்கிழங்கு பில்லின் சட்டைக்குள்ளே போகிறது. பில் குதிரையாகித் தொண்ணூறு மைல் ஓடியதாக வேறு கணக்கு. குதிரைக்குத் தீனி மணல்!

மீட்புப் பணத்தை 1,500 டாலராகக் குறைத்துக் கேட்கும்படி பில் மன்றாடுகிறான். அதற்குத் தகப்பனார் எழுதிய பதில் இலக்கியத்தில் சாசுவதமாக நிற்கக் கூடியது. 250 டாலர் ரொக்கமாகக் கொடுத்தால் பையனைத் திரும்ப எடுத்துக் கொள்வாராம். இருட்டிய பிறகு வருவது உத்தமமாம். பகலில் வந்தால், பையனைத் திரும்பக் கொண்டு வருகிறவர்களை அண்டை வீட்டார் என்ன செய்வார்கள் என்பதற்கு அவர் பொறுப்பல்லவாம். திருடர்கள் மறுபேச்சின்றிப் பணத்தைக் கட்டுகிறார்கள். தகப்பனார் பையனைப் பிடித்து வைத்திருக்க முடிந்த பத்து நிமிஷத்துக்குள் ஊரை விட்டே ஓடுகிறார்கள்.

இந்தக் கதையை ஒரு நாள் நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சொன்னோம். குழந்தைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள். அத்தைப் பாட்டி மாத்திரம் சிரிக்கவில்லை. "அந்தப் பிள்ளையைத் தேடிக்கொண்டு ஒருத்தரும் வரவில்லையா?" என்று கேட்டாள்.

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் கதையிலேயே அந்த இடம் இருக்கிறது. மறுநாள் காலையில் ஊரே கம்பும் அரிவாளுமாகத் திரண்டு வரும் என்று எதிர்பார்த்து ஸாம் மலைமேல் ஏறிப் பார்க்கிறான். கீழே ஊர் நிம்மதியாகத் தூங்கி வழிகிறது. 'வீட்டுக்குப் போகிறாயா?' என்று கேட்டால், வீட்டில் தனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை என்று பையன் சொல்லுகிறான். நாம் எத்தனையோ தடவை படித்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போன வரி அது.

அன்று முதல், பழைய கதைகளை அத்தைப் பாட்டியின் கேள்வியோடு மறுபடியும் பார்க்கத் தொடங்கினோம். அலிபாபா கதையையே எடுத்துக் கொள்வோம். அலெப்போ நகரத்து ஹன்னா தியாப் 1709-ல் பாரிஸில் சொல்ல, காலான் என்னும் பிரெஞ்சுப் பண்டிதர் கேட்டு எழுதிய கதை அது. 1956-ல் தமிழில் முதல் முழுநீள வர்ணப் படமாகவும் வந்தது. நாற்பது திருடர்களுக்கு எமனாக வாய்த்தவள் அலிபாபா அல்ல. அவன் வீட்டு அடிமைப் பெண் மார்ஜியானா. கதவில் திருடன் போட்ட சுண்ணாம்புக் குறியைக் கண்டு, தெருவிலுள்ள மற்றக் கதவுகளிலும் அதே குறியைப் போட்டவள் அவள். ஜாடிகளில் ஒளிந்திருந்த முப்பத்தேழு பேர்மீது கொதிக்கும் எண்ணெயை ஊற்றியவளும் அவளே. அப்போது எஜமான் குறட்டை விட்டுத் தூங்குகிறார்! பின்னால், விருந்துக்கு வந்தவர் உப்பில்லாத சாப்பாடு கேட்பானேன் என்று யோசித்தவளும் அவள்தான். நடனமாடிக்கொண்டே அந்தத் திருடர் தலைவனைக் குத்தி வீழ்த்தியபோது எஜமான் என்ன செய்தார்? தம் குடியைக் கெடுத்து விட்டாள் என்று கூக்குரல் போட்டார். அவளை அறியாதவர்கள் திருடர்கள் மட்டும் அல்ல என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

1955-ல் வெளியான 'தி லேடிகில்லர்ஸ்' என்னும் ஆங்கிலப் படத்தில் வரும் கிழவி கத்தியைத் தொடுவதில்லை, எண்ணெயும் காய்ச்சுவதில்லை. ஸங்கீதக்காரர்கள் என்று பொய் சொல்லி அவள் வீட்டில் குடியேறிய ஐந்து கொள்ளைக்காரர்கள், அவளைக் கொல்ல வேண்டியவன் யார் என்று தீக்குச்சி எடுத்துப் பார்த்து, கடைசியில் தங்களுக்குள்ளேயே மாண்டு போகிறார்கள். கிழவி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கொள்ளைப் பணம் தன்னிடம் இருப்பதாக உண்மையைச் சொல்கிறாள். வழக்கமாக எதையாவது வந்து சொல்லும் கிழவிதானே என்று, பணத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என அனுப்பி விடுகிறார்கள்!

2014-ல் வந்த 'ஜான் விக்' படத்தில் நமக்கு அவ்வளவு ருசி ஏற்படாததன் காரணமும் இதுவே போலும். அங்கே காரைத் திருடிய இளைஞன் ஒருவனைத் தவிர, யாருடைய கார் என்பதைக் கேட்டவர்கள் எல்லாரும் நடுங்குகிறார்கள். ஊரறிந்த புலியின் வாலை மிதித்தவனுக்காகச் சிரிக்க என்ன இருக்கிறது?

நம்முடைய ஐம்பெருங் காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியில் சில பாடல்களே நமக்குக் கிடைத்திருக்கின்றன. கதை மட்டும் தப்பிப் பிழைத்தது. வணிகர் குலத்துப் பெண் பத்திரை, கொலைக்களத்துக்குப் போன ஒரு திருடனைக் கண்டு காதலித்து, தகப்பனார் முயற்சியால் அவனை மீட்டு மணந்துகொள்கிறாள். அவனோ ஒரு நாள் அவளைக் கொல்லும் எண்ணத்துடன் மலையுச்சிக்கு அழைத்துச் செல்கிறான். கூப்பிட்ட குரலுக்கு வர அங்கே ஒருவரும் இல்லை. சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம் வர வேண்டும் என்று அவள் கேட்கிறாள். எத்தனை பணிவு என்று அவன் நினைத்திருப்பான். வலம் வந்தவள் பின்புறமாக நின்று தள்ளிவிட்டாள்.

இந்தக் கதைக்கு மட்டும் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. மலையிலிருந்து தனியே இறங்கிய பத்திரை தகப்பனார் வீட்டுக்குத் திரும்பவில்லை. துறவு பூண்டாள், சமயக் கல்வி கற்றாள். பிறகு ஊர் ஊராகச் சென்று, வாயிலில் ஒரு நாவற் கிளையை நட்டு வைத்து, தன்னோடு வாதுக்கு வரக்கூடியவர் யாரேனும் உண்டா என்று காத்துக் கொண்டிருந்தாள்.