இரண்டு தழும்புகள்

பெரியபட்டினத்தில் எங்கள் தலைமுறை இரண்டு விதமான தழும்புகளைப் பார்த்தபடியே வளர்ந்தது. ஒன்று, பாட்டிமார் சிலரின் முகத்தில் பெரியம்மை விட்டுச் சென்ற குழிகள். மற்றொன்று, பெற்றோரின் மேற்கையில் அம்மை குத்தியதன் வட்ட வடு. பின்னதை உண்டாக்கியது பெரியம்மைக் கிருமியின் சாதுவான உறவாகிய வாக்சீனியா. இரண்டு கிருமிகளும் நம் உடலுக்குள் ஒரே தந்திரத்தைத்தான் கையாண்டன என்பதைப் பின்னாளில் படித்து அறிந்தோம்.

நம் இரத்தத்தில் 'காம்ப்ளிமென்ட்' என்றொரு காவற்படை உண்டு. அதன் சி3 என்னும் புரதம் உடைந்ததும், சி3பி என்ற துண்டு அருகிலிருக்கும் எந்தப் பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும். அன்னியக் கிருமி, சொந்த உயிரணு என்ற பாகுபாடு அதற்குத் தெரியாது. (இப்படியொரு குருட்டுப் படையை யார்தான் காவலுக்கு வைத்தார்களோ!) பாகுபாட்டைக் காப்பவை வேறு சில புரதங்கள். அவற்றுள் முதன்மையானது ஃபேக்டர் எச். ஏறத்தாழ 60 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு மணிகள் 20 கோத்த மாலை அது. முத்தும் சங்கும் எடுத்த கடற்கரையில் இதற்கு வேறு உவமை தேட வேண்டியதில்லை. ஆயினும் இம்மாலையில் எல்லா மணியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. முதல் நான்கும் சி3பியைப் பற்றி, அதை வெட்டும் நொதிக்குக் காட்டிக்கொடுக்கின்றன. கடைசி இரண்டும் மேற்பரப்புச் சர்க்கரைகளைத் தடவிப் பார்த்து, இது நம் வீட்டு உயிரணு என்று அறிகின்றன. அந்தக் கடைசி மணிகளில் பிழை நேர்ந்தால் சிலருக்குச் சிறுநீரகமே பழுதாகிவிடுகிறது.

அம்மைக் கிருமிகளிடம் இத்தகைய மணிகள் நான்கு இருக்கின்றன. என்றோ ஓர் உயிரினத்தின் மரபணுவிலிருந்து களவாடியவை என்பது ஆய்வாளர் கருத்து. 1988இல் கிரீஷ் கோட்வாலும் பெர்னார்ட் மாஸும் வாக்சீனியாவில் இந்த நான்மணிப் புரதத்தைக் கண்டறிந்தனர். 2002இல் பெரியம்மையின் புரதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வேறுபாடு 11 அமினோ அமிலங்களே. ஆனால் மனிதரின் சி3பியைச் செயலிழக்கச் செய்வதில் பெரியம்மையின் புரதம் ஏறக்குறைய 100 மடங்கு வல்லது! முகத்துக் குழிக்கும் கைவடுவுக்கும் இடையிலுள்ள தூரம் முழுவதையும் இந்தப் பதினொன்றில் அடக்கிவிட முடியாது. பெரியம்மையிடம் வேறு ஆயுதங்களும் இருந்தன. கண்டவர்களில் ஏறத்தாழ பத்துக்கு மூவரைக் கொண்டுபோன நோயல்லவா அது. எங்கள் பாட்டிமார் எஞ்சிய எழுவரில் இருந்தவர்கள்.

பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டு நீங்கியது. அந்தப் பதினொன்றில் வலிமை தருபவை எவை என்று புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்தில் அரவிந்த் சாகுவின் குழு ஆராய்ந்து 2008இல் வெளியிட்டது. அதற்கு அந்தக் கிருமி தேவைப்படவில்லை. நான்கு மணிகள் போதுமானவையாக இருந்தன.