கிணற்றடி ஆச்சியின் பெயர்

சென்ற தவணையில் ஒரு நாள் பத்தாம் வகுப்பிலே சரித்திர பாடம் நடந்துகொண்டிருந்தது. "அரசர்களின் வமிசாவளியை மனனஞ் செய்கின்ற நீங்கள், உங்கள் சொந்த வமிசாவளியை ஒருமுறை எழுதுங்கள் பார்ப்போம்" என்றேன். பலர் பாட்டனாரோடு நின்றுவிட்டனர். இரண்டொருவர் பூட்டனாரைத் தொட்டனர். அப்பொழுது பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், உங்கடை அம்மம்மாவின்ரை அம்மம்மாவுக்கு என்ன பேர்?" என்று பணிவாகவே கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. "கிணற்றடி ஆச்சி" என்று வீட்டிலே சொல்லக் கேட்டதுண்டு. அஃது அடையாளமேயன்றிப் பெயரன்று.

அக்கேள்வி என்னை விடாமைக்கு வேறொரு காரணமும் இருந்தது. மாவிட்டபுரத்தை அடுத்துள்ள எங்கள் தாய்வழி வளவைவிட்டு 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு வயது பத்து. உறுதிகள் இருந்த பெட்டகம் வீட்டோடு போயிற்று; அம்மா கையோடு எடுத்துவந்தது சாதக ஓலைக் கட்டு ஒன்றுதான். நெடுங்காலத்தின் பின் அந்நிலம் விடுவிக்கப்பட்டது. கடல் கடந்து வாழும் என் தமையனார் அதனை விற்றுவிடலாம் என்றார். வாங்க வந்தவரோ, வளவினூடாகக் கிணற்றுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையை அடைத்துத் தரவேண்டும் என்றார். அயலிலே மீண்டும் குடியேறியிருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, அது ஆச்சி விட்ட வழி, அடைக்கப்படாது" என்றார். ஆச்சி விட்டதற்கு அத்தாட்சி எங்கே? அதனைத் தேடியே புறப்பட்டேன்.

காணிக் கைமாற்றம் நொத்தாரிசின் முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் விதி. உறுதியின் ஒரு பிரதி உரியவர் கையிலும், ஒன்று நொத்தாரிசிடத்திலும், ஒன்று காணிப் பதிவகத்திலும் இருத்தல் முறை. ஆகவே வீட்டுப் பெட்டகம் அழிந்தாலும் உறுதி முற்றாக அழிந்துவிடுவதில்லை. அம்மாவுக்குத் தமது கலியாண ஆண்டும் நொத்தாரிசின் பெயரும் நினைவில் இருந்தன. தொடங்குவதற்கு அவை போதுமாயின. ஏனெனில், காணி தமக்கு எந்த உறுதியால் வந்தது என்பதை, அதன் இலக்கத்தோடும் தேதியோடும் சொல்லியே உறுதி எழுதுவது வழக்கம். ஒரு படியில் கால்வைத்தால் அடுத்த படி தெரியும்.

நான் ஏறிச் சென்ற படிகள் யாவும் சீதன உறுதிகளே. நம் நாட்டு வழமைகளை ஒல்லாந்தரின் ஆணைப்படி 1707ஆம் ஆண்டில் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் தொகுத்த தேசவழமை, முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று ஆதனத்தை வகுத்துக் கூறும். தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சேர்வதே பழைய முறை. வேறு பத்திரங்களில் "இன்னாரின் பெண்சாதி" என்ற அளவில் மறைந்துபோகும் பெண், சீதன உறுதியில் தன் பெயரோடு நிமிர்ந்து நிற்கின்றாள். அம்மாவிடமிருந்து அம்மம்மா, அவரிடமிருந்து அவர் தாயார் என்று பின்னோக்கிச் சென்று, நான்காம் படியில் 1879ஆம் ஆண்டு உறுதியை அடைந்தேன். அதிலே, ஒரு தந்தை தம் மகளுக்கு எழுதிய ஆறு பரப்பு நிலமும், வீடும், கிணறும், பயன்தரு மரங்களும் இருந்தன. கோயிற்பற்று, இறை என்று காணி இருக்கும் இடத்தைக் குறிக்கும் பழைய சொற்களும் இருந்தன. கோயிற்பற்று என்பது பறங்கியர் தம் தேவாலயங்களை வைத்து வகுத்த பிரிவு. அவர்கள் 1658ஆம் ஆண்டில் நீங்கிய பின்னரும் அவர்கள் இட்ட பெயர் எங்கள் உறுதியைவிட்டு நீங்கவில்லை!

அம்மகளின் பெயரே நான் தேடிய பெயர்.

வீட்டுக்கு வந்து ஓலைக் கட்டை அவிழ்த்தேன். யாருடையதென்று தெரியாமல் கிடந்த ஓர் ஓலையிலே அத்தந்தையின் பெயரும், "குமாரத்தி" என்ற சொல்லும், துன்மதி வருஷமும் காணப்பட்டன. ஆனால் துன்மதி 1801இலும் வரும், 1861இலும் வரும், 1921இலும் வரும். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தால் தந்தை பெயரும் அவ்வாறே மீண்டும் வரக்கூடும். வியாழனும் சனியும் அறுபது ஆண்டில் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அவற்றாலும் பயனில்லை. இராகு மாத்திரம் அவ்வாறன்று. அதன் சுற்று ஏறக்குறைய பதினெட்டரை ஆண்டாகையால், அறுபது ஆண்டின் பின் இரண்டு மூன்று இராசி தள்ளியே நிற்கும். கணித ஆசிரியரான நண்பர் ஒருவர் கணக்கிட்டு, 1861 என்று உறுதிப்படுத்தினார். சீதனம் பெற்றபோது ஆச்சிக்குப் பதினெட்டு வயது அளவில் இருக்கும். என் வகுப்பு மாணவியரைவிட இரண்டு மூன்று வயதே மூத்தவர்!

ஆச்சி தம் மகளுக்கு எழுதிய 1907ஆம் ஆண்டு உறுதியே எனக்கு வேண்டிய அத்தாட்சியைத் தந்தது. புருஷனின் சம்மதத்தோடு எழுதப்பட்ட அவ்வுறுதியிலே, கிழக்கெல்லை அயலவர் கிணற்றிலே தண்ணீர் அள்ளவும், வழி நடக்கவும் என்றென்றும் உரித்துடையவர் என்ற ஒரு வரி இருந்தது. கீழே கணவர் கையெழுத்திட்டிருக்க, ஆச்சி கைநாட்டு வைத்திருந்தார். எழுத்தறியாத ஒரு பெண், தமக்குப் பின்வரும் நான்கு தலைமுறைக்கும் எழுதி வைத்த கட்டளை அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை யாழ்ப்பாணத்தில் புகைவண்டி ஏறினேன். 1990இல் நின்றுபோய் 2015 தை மாதத்தில் மீண்ட பாதை அது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை என்று செம்மண் தோட்டங்கள் பின்னே ஓட, மாவிட்டபுரத்தில் இறங்கினேன். வளவிலே வேலியுமில்லை, கதியாலுமில்லை, பற்றையே மண்டிக்கிடந்தது. உறுதிப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லைகளைத் தேடினேன். கிழக்கே ஒழுங்கை, அதிலிருந்து ஒற்றையடிப் பாதை, அதன் முடிவில், சுண்ணக்கல்லைக் குடைந்த கிணறு. துலா இல்லை; நீர் இருந்தது. மூதாட்டியின் பேர்த்தி ஒருத்தி வாளியோடு அங்கே நின்றாள். என்னைக் கண்டு தயங்கினாள். "அள்ளு பிள்ளை, உனக்கு உரித்து இருக்கு" என்றேன்.

அன்றிரவு தமையனாருக்கு உறுதியை வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பின்பு, "வழியை அடைக்க வேண்டாம். விலை குறைந்தால் குறையட்டும்" என்றார். வாங்க வந்தவர் வேறு காணி பார்த்துக்கொண்டார்.

மறுநாள் வகுப்பிலே அந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதினேன். கேள்வி கேட்ட மாணவன் புன்னகை செய்தான். பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியோரிடம் இன்றைக்கே கேட்டு எழுதிவையுங்கள். அவர்களுடைய நினைவிலே இருக்கும் ஓர் ஆண்டும் ஒரு நொத்தாரிசின் பெயரும் நாளை உங்களுக்குப் பெருந்துணையாகும். முன்னோர் விட்டுச் சென்றது நிலம் மாத்திரமன்று. பிறர்க்கு விட்ட வழியும் முதுசொமே.