மூடுபனியைப் பருகும் பாலைநிலம்

பாலைவனம் நேரே கடலில் முடிகிற இடமொன்றைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நமீபியா நாட்டின் ஸ்வாகோப்முண்ட் நகரையொட்டிய கடற்கரையே அது.

அங்கே செல்வோர் காலையில் வால்விஸ் விரிகுடாவில் துடுப்புப்படகு செலுத்துகின்றனர். சீல்கள் படகைச் சுற்றி நீந்தி விளையாடும். பின்பு மணற்குன்றின் உச்சியிலிருந்து பலகையில் படுத்தபடி சறுக்குகின்றனர். நான்கு சக்கர மோட்டார் வண்டியில் குன்றேறுவோரும் உண்டு.

மழையோ அங்கே மிக அரிது. பெங்குவேலா என்னும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தின்மேல் உண்டாகும் மூடுபனியே அந்நிலத்தின் உயிர். மணற்குன்றின் முகட்டில் ஒருவகை வண்டு தலையைத் தாழ்த்தி நின்று, தன் முதுகில் படிந்து வழியும் பனிநீரைப் பருகுகிறது. சரளைச் சமவெளியில், பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கன்கள் அதே ஈரத்தால் மிக மெதுவாய் வளருகின்றன.

தடம் விலகிய ஒரே வண்டி போதும், அவை நசுங்கிப்போகும். சக்கரத்தின் சுவடு பல பத்தாண்டுகள் அழியாது. இக்கரையைக் காக்கவே 2010ஆம் ஆண்டில் டோரோப் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது.

நமக்கு ஒரு மணி நேரக் களிப்பு. அந்நிலத்துக்கோ ஒரு தலைமுறைத் தழும்பு. ஆகவே அங்கே செல்பவர் வழிகாட்டியோடு, அனுமதிக்கப்பட்ட தடத்திலேயே செல்வாராக.