பலகை வாங்கிய படலம்

கணினியில் சித்திரம் எழுத விரும்பும் பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு இந்நாளில் அபூர்வம். நேற்று வரையில் தாளும் பென்சிலும் கேட்டுக்கொண்டிருந்த குழந்தை, இன்று "கிராபிக்ஸ் டேப்லெட் வேண்டும்" என்கிறது. அது என்ன பண்டம், அதில் எத்தனை தினுசு, வாங்கிய பின் பரண்மேல் ஏறிவிடாமல் இருக்குமா என்று பெற்றோர் திகைக்கிறார்கள். குடும்பத்தில் நாலெழுத்துப் படித்தவன் எவனாவது இருந்தால் பொறுப்பு அவன் தலையில் விழுகிறது. எங்கள் குடும்பத்தில் அந்தத் தலை என்னுடையது. நான் பள்ளிக்கூட உபாத்தியாயர்.

கேட்டவள் என் தமையனாரின் பெண். வேறு யாராவது கேட்டிருந்தால் கடைக்குப் போய் ஒன்றை வாங்கிக் கொடுத்திருப்பேன். ஆனால் என் தமையனார் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவர். எங்கள் ஊர்க் கடைவீதியில் பாதிக் கடைகளின் பெயர் ஒரு காலத்தில் அவர் கையெழுத்துத்தான். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பிளெக்ஸ் பானர் வந்தது. அண்ணா மூன்று நாள் எழுதும் பலகையைக் கணினியும் அச்சு யந்திரமும் ஒரு பொழுதில் முடித்துக் கொடுத்தன. அவர் தூரிகைகளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, ஹார்ட்வேர் கடை ஒன்றில் கணக்கெழுதப் போனார். அப்படிப்பட்டவரிடம் போய், "உங்கள் பெண் கணினியில் படம் எழுதப் போகிறாள்" என்று யார் சொல்வது?

"சித்தப்பா, அப்பாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றாள் பெண்.

சொல்வதற்கு முன் நான் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருந்தது. இந்தப் பலகைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில் திரையும் சேர்ந்தே இருக்கும், எழுதுகிற இடத்திலேயே படம் தெரியும், விலையோ பன்மடங்கு. மற்றொன்று வெறும் பலகை. மேஜைமேல் வைத்து எழுதினால் எதிரே கணினியில் படம் தோன்றும். கையைப் பாராமல் எழுதுவதா என்று பயப்பட வேண்டாம். டைப்ரைட்டிங் பழகுகிறவர்கள் விரலைப் பார்த்தா அடிக்கிறார்கள்? சில வாரப் பழக்கத்தில் கண்ணும் கையும் சமாதானமாகிவிடுகின்றன. முதல் பலகைக்கு இரண்டாவது ஜாதியே போதும்.

1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் கம்பெனியின் பலகையானாலும் சரி, சீனாவின் ஹூயான் போன்றவையானாலும் சரி, பேனாவுக்கு மின்கலம் தேவையில்லாததையே கேட்டு வாங்குவது நலம். பலகையின் அடியிலுள்ள கம்பிச் சுருள்கள் காந்த அலையை எழுப்புகின்றன. பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதற்கு எதிரொலி கொடுக்கிறது. அதைக் கொண்டே முனை எங்கே நிற்கிறது என்று பலகை அறிகிறது. ஒரு கம்பெனியின் பேனா மற்றொன்றின் பலகையில் பெரும்பாலும் எழுதாது. முனை தேயும் என்பதால் மாற்று முனை கிடைக்குமா என்றும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பேனாவை அழுத்தும் அளவை எத்தனை படியாகப் பிரித்தறிகிறது என்பதில் கம்பெனிகளுக்குள் பெரும் போட்டி. 2048, 4096, 8192, 16384 என்று ஏலம் போடுகிறார்கள். பழகுகிற கைக்கு 2048 படியே தாராளம். அந்த எண்ணுக்காக அதிகப் பணம் கொடுப்பது வீண். சித்திரம் எழுதும் மென்பொருளுக்கும் பணம் தேவையில்லை. கிரிதா என்பது இலவசமாகவே கிடைக்கிறது.

உண்மையில் யோசிக்க வேண்டியது அளவு. சிறிய பலகையில் எழுதும் பரப்பு சுமார் 152க்கு 95 மில்லிமீட்டர். நடுத்தரத்தில் சுமார் 216க்கு 135. இரண்டு அட்டைகளை அந்த அளவுக்கு வெட்டிப் பெண்ணிடம் கொடுத்து, வழக்கம்போல் வரையச் சொன்னேன். சின்ன அட்டையில் அவள் கை நாலு கோட்டுக்கு ஒரு முறை விளிம்பைத் தாண்டியது. மணிக்கட்டை அசைத்து எழுதுகிறவர்களுக்குச் சிறியது போதும். அவள் தோளிலிருந்து எழுதினாள். சிறு வயதில் தகப்பனார் பக்கத்தில் நின்று, சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதிப் பழகிய கை அல்லவா?

அப்போதுதான் அண்ணாவிடம் பேசத் தைரியம் வந்தது. பள்ளியில் ஒரு சகாவிடம் நடுத்தரப் பலகை ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார். திரையில் அது படுத்துக் கிடக்கும் முட்டைபோல் வந்தது.

"தம்பி, என் வட்டம் கோணாது. கோணல் உன் யந்திரத்தில்" என்றார்.

அவர் சொன்னதே உண்மை. பலகையின் பரப்பு 16க்கு 10 விகிதம். கணினித் திரையோ 16க்கு 9. சிறிது அகலத்தில் இழுபடத்தான் செய்யும். பெண் அமைப்புப் பக்கத்தைத் திறந்து இரண்டு விகிதத்தையும் ஒன்றாக்கினாள். அண்ணா மறுபடியும் போட்டார். வட்டம் வட்டமாகவே வந்தது.

"இதில் நூல் அடிக்க வழி உண்டா?" என்று கேட்டார். எழுத்து வரிசை கோணாமலிருக்கச் சுவரில் சாயம் தோய்த்த நூலை அடிப்பது அவர் தொழில் வழக்கம். திரையில் கோடு நிறுத்தும் வசதியைப் பெண் காட்டினாள். அதற்கு மேல் நான் எடுத்துச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. விலை சில ஆயிரம் ரூபாய். பாதியை நான் தருவதாகச் சொன்னேன், அவர் ஒப்பவில்லை.

பிள்ளைகளுக்குப் பலகை வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: எண்களைப் பார்ப்பதற்கு முன் குழந்தையின் கையைப் பாருங்கள். அது எங்கிருந்து அசைகிறது, எவ்வளவு இடம் கேட்கிறது என்று அரை மணி நேரம் கவனித்தால், கடைக்காரர் சொல்லாத விஷயம் விளங்கும்.

என் தமையனார் எழுதிய பெயர்கள் சுவர்களில் வெள்ளையடிக்கப்பட்டு வெகு நாளாயிற்று. மாலைப் பொழுதுகளில் அவர் சொல்லச் சொல்ல, பெண் அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதுகிறாள். 'அ'வின் சுழி மட்டும் இன்னும் அவருக்குத் திருப்தியாகவில்லை.