தமக்கையாரின் காலாணி

எல்கடுவ மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் எமது தமக்கையார், இடது உள்ளங்காலில் ஒரு முளையுடன் இரண்டாண்டு காலம் மலையேறி இறங்கினார் என்பதை நாம் அறிந்தது, பொங்கலன்று வாசற் கோலத்தில் செந்துளிகளைக் கண்டபோதுதான்.

"காலாணி தம்பி. அட்டை கடிச்ச இடத்துல வந்தது" என்றார். எருக்கம்பால் வைத்ததும், பிளேடால் சீவியதும், ஒரு வைத்தியர் மருவென்று களிம்பு கொடுத்ததும் பின்னரே ஒவ்வொன்றாக வெளிவந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடுமே! விடுமுறைதோறும் அவர் நொண்டுவதைக் கண்டும் வயதின் தளர்ச்சியென்று வாளாவிருந்த நாம், கல்லூரியில் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுகிறோம்!

கண்டியில் சத்திர சிகிச்சை நிபுணர் பார்த்தார். பட்டாணியளவில் சிவந்த முளை. அதைச் சுற்றி அகழிபோல ஒரு பள்ளம். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, ஓரத்துச் சருமத்துடன் முழுமையாக வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். மருவும் காலாணியும், ஏன், சருமப் புற்றுங்கூட இவ்வாறு தோன்றலாமாகையால் நுணுக்குக்காட்டியே தீர்ப்புக் கூறவேண்டும் என்றார். களிம்பு கொடுத்தவரை நாம் நொந்துகொண்டது அப்போதே தணிந்துவிட்டது.

அறிக்கை வர இரண்டு வாரம். கட்டி என்றாலே புற்று என்று அஞ்சும் குலம் எம்முடையது. தமக்கையார் நோயைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டாரில்லை. ஓரிரவு மட்டும், "அடகுச் சீட்டு அரிசி டின்னுக்குள்ள இருக்கு. மககிட்ட சொல்லிரு" என்றார். நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

வந்த பெயர் "எக்கிரைன் போரோமா". மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வரையில் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலுமே அவை மிக நெருக்கம். சுரப்பியின் நாளம் மேற்றோலைத் துளைத்து வெளிவரும் இடத்திலுள்ள கலங்கள் பெருகித் திரண்டதே இக்கட்டி. கோல்ட்மன், பிங்கஸ், ரோஜின் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் 1956 இல் இதனைத் தனியொரு கட்டியாக விவரித்தனர். அரிதானது, தீங்கற்றது. எச்சம் விட்டால் மீண்டும் முளைக்கும். மிகச் சிலருக்கே, பெரும்பாலும் நெடுங்காலம் கவனியாது விட்டால், புற்றாக மாறும். நல்லவேளை, வெட்டிய ஓரங்களில் எச்சமில்லை.

"வேர்வையால வந்ததா? அப்படின்னா தோட்டத்துல எல்லாருக்கும்ல வரணும்!" என்று தமக்கையார் சிரித்தார். அதிகம் வியர்ப்பதால் இது வருமென்பதற்குச் சான்றில்லை என்று வைத்தியர் சொன்னதை நாம் எடுத்துரைத்தோம். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

தையல் பிரித்துப் புண் ஆறியதும் பெரட்டுக்குப் போய்விட்டார். நாம் வாங்கிக் கொடுத்த செருப்பைக் கோயிலுக்கென்று தனியே எடுத்து வைத்திருக்கிறாராம்.