காயா தடவிய பாண்: சிங்கப்பூரின் காலையுணவு நலமானதா?

ஒரு நகரத்தின் இயல்பை அறிய விரும்புபவர் அதன் மாட மாளிகைகளைக் காண்பதற்கு முன்னர், அங்கு வாழும் மக்கள் காலையில் எதனை உண்டு தொழிலுக்குப் புறப்படுகின்றனர் என்பதைக் கண்டறிதல் நன்று. சிங்கப்பூர் என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன வானளாவும் கட்டடங்களும், கப்பல்கள் நிறைந்த துறைமுகமும், தூய வீதிகளுமேயாகும். ஆயின், காலை ஏழு மணிக்கு அந்நகரின் உயிரோட்டத்தைக் காண வேண்டுமாயின், அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலும் பழைய கடைத்தெருக்களிலும் உள்ள கோப்பிக் கடைகளுக்கே செல்லுதல் வேண்டும்.

அக்கடைகளைக் 'கோப்பித்தியம்' என்று அழைப்பர். 'கோப்பி' மலாய்ச் சொல். 'தியம்' என்பது ஹொக்கியன் சீனர் மொழியிற் கடையைக் குறிப்பது. தமிழகத்தார் 'காப்பி' என்பதை நாம் 'கோப்பி' என்கின்றோமல்லவா? அச்சொல்லை அங்கே கேட்கும் இலங்கைத் தமிழருக்கு, ஊர்க்கடையில் இருப்பது போன்ற உணர்வு ஒரு கணம் தோன்றும்.

மேசைக்கு வரும் காலையுணவு மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலாவது, மெல்லியதாய் அரிந்து மொறுமொறுவென வாட்டிய பாண். பழைய முறையைக் கைவிடாத கடைகளில் இதனைக் கரியடுப்பின் தணலிலேயே வாட்டுவர். இரண்டு துண்டுகளுக்கிடையே குளிர்ந்த பட்டர்ச் சீவலை வைத்துக் 'காயா' என்னும் இனிய களியைத் தடவியிருப்பர். இரண்டாவது, அரைவேக்காட்டு முட்டைகள் இரண்டு. அவற்றைத் தட்டில் உடைத்து ஊற்றிக் கறுத்த சோயாச் சாற்றையும் வெள்ளை மிளகுத்தூளையும் இட்டுக் கலக்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவது, நீண்ட துணிப்பையில் வடித்த கடுங்கோப்பி. அடியில் ரின்பால் தடித்துக் கிடக்கும்.

சுவையைப் பற்றி ஐயமில்லை. ஆனால், இனிப்புத் தடவிய இந்தப் பாணை நலந்தரும் உணவென்று கொள்ளலாமா? பிள்ளைகளுக்கு அன்றாடம் கொடுக்கலாமா? நீரிழிவு நுழையாத குடும்பத்தைக் காண்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இவ்வினா சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று.

ரம்பை மணக்கும் களி

மலாய் மொழியிற் 'காயா' என்றால் வளம் மிக்கது, செல்வம் நிறைந்தது என்பது பொருள். முட்டை, தேங்காய்ப்பால், சீனி ஆகிய மூன்றையும் சேர்த்து, மெல்லிய தீயில் நெடுநேரம் கிளறித் திரட்டி எடுப்பதே காயா. தீ சற்று மிகுந்தால் முட்டை திரைந்து கட்டிகளாகிவிடும். ஆதலாற் கை ஓயாது கிளறுதல் வேண்டும். மணத்திற்காக அதில் இடும் இலையை அவர்கள் 'பண்டான்' என்பர். அது வேறொன்றுமன்று, நம் வீட்டுக் கொல்லையில் வளர்ந்து, கறிச்சட்டியில் மணக்கும் ரம்பையே.

காயா இருவகைப்படும். ஹைனான் சீனரின் காயா, சீனியை முறுகக் காய்ச்சிச் சேர்ப்பதாற் பழுப்பு நிறமாயிருக்கும். பெரனக்கான் குடும்பத்துப் பெண்களாகிய நியோன்யாக்களின் காயா, ரம்பைச் சாற்றினாற் பசுமை பெற்றது. சீன மரபும் மலாய் மரபும் கலந்து வளர்ந்த இப்பெரனக்கான் மக்களின் பழைய வீடுகளை நகரின் கிழக்கே கத்தோங் பகுதியிற் காணலாம். வண்ண ஓடுகள் பதித்த அவ்வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் சற்று நேரத்தில் 'சிலோன் வீதி' என்ற பெயர்ப்பலகையைக் கண்டு வியப்பர். அவ்வீதியிலேதான் இலங்கைத் தமிழர் எழுப்பிய செண்பக விநாயகர் ஆலயம் அமைந்திருக்கின்றது. மலாயாவுக்குத் தொழில் தேடிச் சென்ற நம் முன்னோரும் ரம்பை மணக்கும் நியோன்யாக்களின் அடுக்களைகளும் ஒரே சுற்றுவட்டாரத்தில் வாழ்ந்தமைக்கு அது சான்று.

கப்பற் சமையலறையிலிருந்து கடைத்தெருவுக்கு

வாட்டிய பாணும் அதன்மேற் பழக்களியும் ஆங்கிலேயரின் வழக்கம். அது சீனர் கடைக்கு வந்த வரலாறு சுவையானது. தென்சீனத்தின் ஹைனான் தீவினர் ஏனைய சீனப் பிரிவினருக்குப் பின்னரே சிங்கப்பூருக்குப் பெருந்தொகையாக வந்தனர். அதற்குள் வாணிபத் துறைகள் பலவும் முன்வந்தோர் கைகளுக்குச் சென்றுவிட்டன. எனவே, ஹைனான் தீவினர் ஆங்கிலேயர் வீடுகளிலும், விடுதிகளிலும், கப்பல்களிலும் சமையற்காரராகவும் பணியாளராகவும் அமர்ந்தனர். அங்கே பாண் வாட்டவும், முட்டை அவிக்கவும், துரைமார் விரும்பும் வண்ணம் பரிமாறவும் கற்றுக்கொண்டனர். பின்னர்த் தாமே கடை வைத்தபோது, கடல்கடந்து வந்த பழக்களிக்குப் பதிலாக ஊரிலேயே மலிந்த தேங்காயைக் கொண்டு செய்த காயாவைத் தடவினர்.

ராபிள்ஸ் விடுதிக்கு அண்மையிலுள்ள மிடில் வீதி, பர்விஸ் வீதி, சியா வீதி ஆகிய மூன்றும் ஹைனான் மக்களின் பழைய வாழிடங்கள். அவற்றை அவர்கள் முறையே ஹைனான் முதலாம், இரண்டாம், மூன்றாம் தெருக்கள் என்றே வழங்கினர். கில்லினி வீதியில் 1919 ஆம் ஆண்டில் தொடங்கிய கோப்பிக் கடையொன்று பிற்காலத்தில் அவ்வீதியின் பெயரையே தன் பெயராக்கிப் புகழ் பெற்றது. 1926 ஆம் ஆண்டில் ஹைனானிலிருந்து இளைஞராக வந்திறங்கிய லோய் ஆ கூன் என்பவர், 1944 இல் தெலுக் ஆயர் துறையருகே தமது கடையை நிறுவினார். 'யா குன்' என்ற பெயரில் இன்று பல நாடுகளிலும் கிளைவிட்டிருப்பது அக்கடையே.

அக்கடையை நாடி வந்தோர் யாவர் என்பதை நாம் மறத்தலாகாது. மூட்டை சுமந்த கூலியாட்களும், தோணி வலித்தோரும், துறைமுக வணிகருமே அவர்கள். விடியுமுன் எழுந்து, வெயிலில் நாள் முழுவதும் உடலை வருத்தியவர்களுக்குச் சீனியும் தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த அந்த உணவு, அடுப்பில் இட்ட விறகு போல எரிந்து பயன் தந்தது. 1983 இற் சிங்கப்பூர் ஆற்றிலிருந்து சரக்குத் தோணிகள் யாவும் அகற்றப்பட்டன. சுமை தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று குளிரூட்டிய அறைகளிற் கணினி முன் அமர்ந்திருக்கின்றனர். தொழில் மாறிற்று; காலையுணவு மாறவில்லை. தொல்லை தொடங்கியது இங்கேதான்.

வட்டிலப்பத்தின் உடன்பிறப்பு

நம் வாசகர் காயாவை உண்டிராவிடினும் அதன் உடன்பிறப்பை நன்கறிவர். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி ஆகியவற்றைக் கலந்து ஏலம் முதலியன சேர்த்து அவித்தெடுக்கும் வட்டிலப்பம், மலாய் மக்கள் வாயிலாக இலங்கைக்கு வந்ததென்பர். பொருள்கள் பெரும்பாலும் ஒன்றே, செய்முறையே வேறு. ஒன்றை அவிக்கின்றோம், மற்றொன்றைக் கிளறுகின்றனர்.

ஆனால், வட்டிலப்பத்தை நாம் எப்பொழுது உண்கின்றோம்? நோன்புப் பெருநாளன்று முஸ்லிம் நண்பர் வீட்டிலிருந்து வரும். திருமண விருந்தின் முடிவிற் கிண்ணத்திற் கிடைக்கும். அதனை நாள்தோறும் காலையில் உண்டு பள்ளிக்குப் போ என்று எந்தத் தாயாவது பிள்ளையிடம் சொல்வதுண்டா? சொல்லமாட்டாள், ஏனெனில் அது பண்டிகைப் பலகாரம் என்பது அவளுக்குத் தெரியும். அதே பண்டத்தை மெல்லியதாகப் பாணில் தடவிவிட்டால், பலகாரம் என்ற நினைவு நீங்கிக் 'காலையுணவு' என்ற பெயர் வந்துவிடுகின்றது. காயாவுக்கு மட்டுமன்று, பாணில் தடவும் இனிப்புகள் அனைத்திற்கும் இது பொருந்தும். பழக்களியாயினும், சொக்கலேற் களியாயினும், தேனாயினும், பாணின்மேல் ஏறியதும் பலகாரம் உணவாகிவிடுகின்றது.

கரண்டியின் கணக்கு

வீட்டுமுறையிற் காயா செய்வோர் ஐந்து முட்டைக்கு ஏறத்தாழ 200 கிராம் சீனியும் 200 மில்லிலீற்றர் தேங்காய்ப்பாலும் சேர்ப்பதாகக் கொள்வோம். திரண்டு வரும் களியில் மூன்றிலொரு பங்குக்கு மேற் சீனியே. அதாவது, 20 கிராம் கொண்ட ஒரு மேசைக்கரண்டிக் காயாவில் ஏறக்குறைய 7 கிராம் சீனி உண்டு. தேக்கரண்டிக் கணக்கில் அது இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒருவருக்குரிய பாணில் இரண்டு மேசைக்கரண்டி தடவினால் 14 கிராம்.

இனிக் கோப்பியைப் பார்ப்போம். ரின்பாலில் நூற்றுக்கு 45 பங்களவு சேர்த்த சீனியே. இரண்டு மேசைக்கரண்டி ரின்பால் ஊற்றிய கோப்பையில் ஏறத்தாழ 18 கிராம் சீனி இருக்கும். பாணைப் பற்றிக் கவலைப்படும் நாம் கோப்பையை மறந்துவிடுகின்றோம். ஆனால் கூடுதலான சீனி கோப்பையிலேயே ஒளிந்திருக்கின்றது! இரண்டையும் கூட்டினால் 32 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட அறிவுரையின்படி, ஒருவர் நாள் முழுவதும் பெறும் சக்தியிற் பத்திலொரு பங்குக்குக் குறைவாகவே இத்தகைய சீனியிலிருந்து வருதல் வேண்டும். இருபதிலொரு பங்குக்குக் குறைத்தால் இன்னும் நன்று. 2,000 கலோரி உண்பவருக்கு முதல் எல்லை 50 கிராம். இரண்டாவது எல்லை 25 கிராம். காலை எட்டு மணிக்கு முன்னரே இரண்டாம் எல்லையைக் கடந்துவிட்டோமென்பது இப்பொழுது விளங்கும்.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் நீக்குதல் தகும். சீனிக்குப் பதிலாகக் கித்துள் கருப்பட்டியோ, பனங்கட்டியோ, தேனோ சேர்த்தால் தீங்கில்லை என்பார் பலர். சிங்கப்பூரிலும் 'குலா மலாக்கா' என்னும் தென்னங்கருப்பட்டி சேர்த்த காயாவை அவ்வாறு புகழ்வோர் உளர். கருப்பட்டியின் மணமும் சுவையும் உயர்ந்தவையே. அதிலுள்ள தாதுப்பொருள்களோ, ஒரு கரண்டி அளவிற் பெரும் பயன் தரத்தக்கவையல்ல. உடலைப் பொறுத்தவரை அதுவும் சீனியாகவே கணக்கிடப்படும்.

நீரிழிவின்மேற் போர்

சிங்கப்பூர் அரசாங்கம் 2016 இல் நீரிழிவு நோய்க்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தது. அந்நாட்டுச் சீனரைவிட இந்திய வம்சாவளியினரிடையே இந்நோய் மிகுதியாகக் காணப்படுகின்றது. தென்னாசிய மக்கள் ஐரோப்பியரைவிட இளவயதிலும், உடல் அதிகம் பருக்காத நிலையிலும் நீரிழிவுக்கு ஆளாகின்றனர் என்பது மருத்துவர் அறிந்த உண்மை. ஆதலால், ஒரே மேசையில் அமர்ந்து உண்போருள் தமிழருக்கு எச்சரிக்கை கூடுதலாகத் தேவை.

2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அங்கு பொதிசெய்து விற்கப்படும் பானங்களுக்கும், 2023 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து கடைகளில் உடனுக்குடன் கலக்கும் பானங்களுக்கும் சீனி, கொழுப்பு ஆகியவற்றின் அளவுக்கேற்ப ஏ முதல் டி வரை தரம் வகுக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டு. நம் நாட்டிலும் 2016 இல் மென்பானங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறியீடு கொண்டுவரப்பட்டமை வாசகருக்கு நினைவிருக்கும்.

சட்டத்திற்கு முன்னரே கோப்பிக் கடை மொழியில் இதற்கொரு வழி இருந்தது. 'கோப்பி ஓ' என்றால் பாலில்லாத கோப்பி. 'சியூ டாய்' என்றால் இனிப்பைக் குறை என்பது பொருள். 'கொசோங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வெறுமை என்று பொருள். 'கோப்பி ஓ கொசோங்' கேட்பவருக்குச் சீனியே இல்லாத வெறுங்கோப்பி வரும். கடைக்காரர் முகஞ்சுளிப்பதில்லை. இந்த ஒரு சொல்லைக் கற்றுச் செல்பவர் காலைச் சீனியிற் பாதிக்கு மேல் தவிர்த்துவிடலாம்.

எவ்வாறு உண்பது?

காயாப் பாணிற் குற்றம் மட்டுமே உண்டென்று கூறுதல் நேர்மையன்று. அதனுடன் முட்டை வைத்த பழைய சமையற்காரர் அறிந்தோ அறியாமலோ நல்லதொரு துணையைச் சேர்த்தனர். முட்டையிலுள்ள புரதமும் கொழுப்பும் உணவு இரைப்பையை விட்டு நீங்கும் வேகத்தைத் தணிக்கின்றன. அதனால், வெள்ளைப் பாணின் மாப்பொருளும் சீனியும் குளுக்கோசாகிக் குருதியிற் பாயும் வேகம் சற்றுக் குறைகின்றது. முட்டையை முதலில் உண்டு பாணைப் பின்னர் உண்பது இன்னும் நன்று. ஆயினும், வேகம் குறையுமேயன்றி உண்ட சீனி மறைந்துபோவதில்லை.

வீட்டிற் பின்பற்றத்தக்கவை சிலவே. கத்தியின் நுனியால் எடுத்து மெல்லியதாகத் தடவுக. இனிப்புத் தடவிய நாளிற் கோப்பியோ தேநீரோ சீனியின்றி அருந்துக. வெள்ளைப் பாணுக்குப் பதிலாகக் குரக்கன் பாணோ, தவிடு நீக்காத மாப்பாணோ கிடைத்தால் அதனைக் கொள்க. பட்டரும் காயாவும் ஒருங்கே வேண்டுமா என்று எண்ணிப் பார்க்க. தேங்காய்ப்பாலின் கொழுப்பு முன்னரே அதில் உண்டு. நீரிழிவுடையோர் தம் மருத்துவர் சொல்லையே அளவுகோலாகக் கொள்க. பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள் கொடுத்தால் அவர்கள் அதனை ஆவலுடன் எதிர்பார்ப்பர். நாள்தோறும் கொடுத்தால் இனிப்பில்லாத காலையுணவையே வெறுக்கத் தொடங்குவர்.

எனவே, பாணில் தடவும் இனிப்பு நலந்தரும் உணவாகுமா என்ற வினாவுக்கு விடை இதுவே: ஆகாது. ஆயினும், நஞ்சென்று ஒதுக்க வேண்டியதுமன்று. அதைப் பலகாரமென்று அறிந்து, பலகாரத்தின் அளவில், பலகாரத்திற்குரிய நாளில் உண்பவருக்கு அதனாற் பெருந்தீங்கு நேராது. சிங்கப்பூருக்குச் செல்லும் வாய்ப்புப் பெற்றவர் கரியடுப்பில் வாட்டிய காயாப் பாணைச் சுவையாது திரும்ப வேண்டாம். மூட்டை சுமந்தோரின் உழைப்பும், ஹைனான் சமையற்காரரின் கைத்திறனும், ரம்பை இலையின் மணமும் அதிற் கலந்திருக்கின்றன. உண்டபின் ஆற்றங்கரை வரை நடந்து செல்க; அந்த உணவுக்கு உரியவர்களாயிருந்தோர் நாள் முழுவதும் நடந்த கரை அது.